எப்சிபா டீச்சர் மாப்பிள்ளை பார்க்கப் போனது

எப்சிபாவை ஒன்பது குடும்பங்கள் பெண் பார்த்துவிட்டுப் போயின. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறை வீட்டுக்கு முதல் குடும்பம் வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கடைசிக் குடும்பம் வந்தபோது முப்பது. அப்பா ஞானசிகாமணி தென்காசி–சுரண்டை பஸ்ஸில் கண்டக்டர். பெண் பார்க்க வரும் நாளில் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காலையிலிருந்தே வாசலில் நிற்பார். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. மாப்பிள்ளையைவிடப் பெண் உயரம் என்று ஒரு வீட்டார் சொன்னதாகப் பிற்பாடு காதில் விழுந்தது. இன்னொரு வீட்டில் நிறம். மற்றவர்கள் காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாவதாக வந்த வீட்டில் மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி, "எங்க, அந்தச் சொவர்லருந்து இந்தச் சொவர் வரைக்கும் நடந்து காட்டு பாப்போம்" என்றாள். எப்சிபா நடந்தாள். நாலு எட்டில் முடிந்துவிட்டது. சின்ன வீடு அது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, இனிமே என்னப் பாக்க யாரும் இங்கன வரக் கூடாது."

ஞானசிகாமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரிம்மா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா மட்டும் இரண்டு நாள் அழுதாள்.

அடுத்த வருஷமே எப்சிபாவுக்கு மாலத்தீவில் வேலை கிடைத்தது. அறிவியல் டீச்சர். இந்த ஊர்ப்பக்கத்துப் பெண்கள் பல பேர் அப்படிப் போயிருந்தார்கள். அவள் போன தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கப் பத்து நிமிஷம் ஆகும். எழுநூறு ஜனம், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு கடை. மலை கிடையாது, ஆறு கிடையாது. 'நீர்ச்சுழற்சி' பாடம் நடத்தும்போது அருவி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க அவள் குழாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

ஒன்பது வருஷம் அங்கேயே ஓடிவிட்டது. அவளோடு ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி நூர்நிஷா, கணக்கு டீச்சர், தென்காசிக்காரி, நாற்பத்தைந்து வயது. எப்சிபா அவளை லாத்தா என்று கூப்பிடுவாள். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நூர்நிஷாவின் கணவர் முகம்மது யூசுப் சவூதியில், தம்மாமில் இருந்தார். இன்னொருத்தி காளீஸ்வரி. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்து விற்கும் வீட்டுப் பெண். கம்ப்யூட்டர் டீச்சராக வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இருபத்தேழு வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

ஜோஷ்வா வந்தது ஒரு சண்டையில்தான். மாலத்தீவில் வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஒரு ஜூன் மாதம், குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று தம்பி அனுப்பிய வீடியோவை எப்சிபா அதில் போட்டாள். எல்லோரும் கைகூப்பும் படமும் இதயப் படமுமாகப் போட்டார்கள். ஒருவர் மட்டும், "மேடம், இது இந்த வருஷத்து வீடியோ இல்ல. பின்னால கம்பிக்கு நீல பெயின்ட் அடிச்சிருக்கு பாருங்க. அத மாத்தி ரெண்டு வருஷமாச்சு" என்று எழுதினார். எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. தம்பியிடம் கேட்டாள். அவன் அசடு வழிந்தான். அந்த ஆள் சொன்னது சரி.

அந்த ஆள் ஜோஷ்வா. இலஞ்சிக்காரர். தெற்கே அடுத்த தீவுக் கூட்டத்தில், ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நர்ஸ். இலஞ்சிக்கும் எப்சிபா வீட்டுக்கும் ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம். ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கம்பி பெயின்டில் தொடங்கிய பேச்சு, வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் என்று ஒன்றே முக்கால் வருஷம் நீண்டது. அவருக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணமான மூன்றாம் வருஷம் மனைவி மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். "நான் ஐ.சி.யூ.ல வேல பாத்தவன் மேடம். மிஷின்ல நம்பர் எறங்குதத நாந்தான் மொதல்ல பாத்தேன்."  எப்சிபா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கடல் சத்தம், இந்தப் பக்கம் கடல் சத்தம்.

மார்ச் மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க அண்ணனும் மதினியும் உங்க வீட்டுக்கு வந்து பேசலாமா?"

"வர வேண்டாம்" என்றாள் எப்சிபா.

"சரி மேடம்" என்றார் அவர், மெதுவாக.

"நீங்க நெனைக்க மாதிரி இல்ல. எங்க வீட்டுக்கு யாரும் வந்து பாக்க வேண்டாம். நானே வாரேன். நீங்க இருக்குத தீவுக்கு. ஊருக்குப் போயிட்டா அண்ணன், மதினி, மாமன்னு ஒரு வேன் ஆளு சுத்தி நிக்கும். அதுக்கு முந்தி நான் பாக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். அவர் இவள் தீவுக்கு வரலாம் என்றால் முடியாது. டாக்டர் தலைநகருக்குப் போயிருந்தார், தீவுக்கே இவர் ஒருத்தர்தான் வைத்தியம் பார்க்க.

விஷயத்தைக் கேட்ட நூர்நிஷா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மாப்ள பாக்கப் போறோமா? நாமளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "ஏட்டி காளி, நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வையி. நாமதான் பொண்ணு வீட்டுக்காரங்க" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானப் படகில் போவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு ஆட்கள் வந்து நாலு மணி வரை உட்கார்ந்துவிட்டார்கள். படகு போய்விட்டது. வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை; வெள்ளிக்கிழமை படகே ஓடாது. சனிக்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் திரும்ப முடியாது. எப்சிபா படகுத்துறையில் பையோடு நின்று, "விடுங்க லாத்தா, நடக்கணும்னு இருந்தா நடக்கும்" என்றாள். குரலில் தப்பித்த ஆறுதல் இருந்தது, அது அவளுக்கே தெரிந்தது.

நூர்நிஷா விடவில்லை. அவளுடைய வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாத்தாவுக்கு இப்ராஹிம் மணிக்கு என்று பெயர்; 'மணிக்கு' என்பது அங்கே குடும்பப் பெயர். பாய்மரப் படகு வைத்திருந்த ஒரே ஆள் அந்தத் தீவில் அவர்தான். தெற்கே ஒரு தீவில் நடக்கும் பாய்மரப் போட்டிக்கு அதை அன்றைக்கே கொண்டுபோகப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். கேட்டாள். அவர் ஒத்துக்கொண்டார். பின்பக்கம் ஒரு சின்ன எஞ்சின் உண்டு, ஆனால் அதற்குப் பத்து லிட்டர்தான் எண்ணெய் இருந்தது; தீவுக்குள் நுழைய மட்டும் அது. மற்றபடி காற்றுத்தான். சாயங்காலம் கிளம்பினால் விடியும்போது போய்ச் சேரலாம், வெளிச்சத்தில் பவளப் பாறைகளைக் கண்ணால் பார்த்து உள்ளே நுழையலாம் என்றார். கூட அவர் மனைவி ஆமினத்தும் வந்தாள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் பாய் விரிந்தது. முக்கோணமாக, ஒட்டுப்போட்ட வெள்ளைத் துணி. காற்று பின்னாலிருந்து சீராக வந்தது. எஞ்சின் படகில் போய்ப் பழகிய மூன்று பேருக்கும் அந்த அமைதி புதிதாக இருந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர் சளசளவென்று ஓடும் சத்தம் மட்டும்.

மணிக்கு தமிழ் பேசினார். இளவயசில் சரக்குத் தோணியில் தூத்துக்குடிக்குப் போய்வந்தவர். வினைச்சொல்லே இல்லாத தமிழ் அது. "தூத்துக்குடி. வெங்காயம். ஓடு. கருங்கல். புரோட்டா நல்லா." காளீஸ்வரி அவரைப் பேசவைத்துப் பேசவைத்துச் சிரித்தாள். "தாத்தா, நான் தண்ணியிலயே பொறந்து வளந்தவ. எங்க வீட்டுக்குப் பின்னாலயே அருவி" என்று பெருமை வேறு. எலுமிச்சை சாதம், வாழைக்காய் வறுவல், ஆமினத் கொண்டுவந்த மீன் பணியாரம் எல்லாவற்றையும் ஐந்து பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

தீவின் விளக்கு மறைந்தது. போனில் சிக்னல் போனது. அதற்கு முன்னால் எப்சிபா ஒரு வரி அனுப்பினாள். 'பாய்மரத்துல வாரோம். காலைல ஆறு மணி.' பதில் வருவதற்குள் கோடுகள் அணைந்துவிட்டன.

இருட்டியதும் தண்ணீரில் வெளிச்சம் தெரிந்தது. படகு கிழித்துப் போகிற இடமெல்லாம் பச்சையாக மினுங்கியது. எப்சிபா கையை விட்டாள். விரல்களுக்கிடையில் மினுமினுவென்று ஓடியது. அது ஒரு செல் உயிர்கள் செய்யும் வேலை, அசைந்தால் ஒளிரும், எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறாள். நடத்தியதையெல்லாம் மறந்துவிட்டு, "லாத்தா, கைய விட்டுப் பாருங்க, கைய விட்டுப் பாருங்க" என்று சின்னப்பிள்ளை மாதிரி கூப்பிட்டாள்.

பத்து மணிவாக்கில் இரண்டு தீவுக் கூட்டங்களுக்கும் நடுவிலுள்ள ஆழ்கடலுக்கு வந்தார்கள். அலை நீளநீளமாக வந்து படகைத் தூக்கித் தூக்கி இறக்கியது. காளீஸ்வரியின் சிரிப்பு நின்றது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எக்கிக் கடலில் வாந்தி எடுத்தாள். சாப்பிட்டதெல்லாம் வந்தது. அப்புறம் தண்ணீர். அப்புறம் வெறும் பித்தம்.

மணிக்கு சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பலகையில் சுருண்டு தூங்கினார். ஆமினத் ஒரு காலைச் சுக்கான் கட்டையில் வைத்து அணைத்துக்கொண்டு, பாக்கைச் சீவிச் சீவி வாயில் போட்டபடி ஓட்டினாள். காளீஸ்வரியை இழுத்துத் தன் மடியில் படுக்கவைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவள் பாஷை அரைகுறை. நெற்றியைத் தடவிக்கொடுப்பதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

எப்சிபாவும் நூர்நிஷாவும் ஒரே போர்வைக்குள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னட்டி, பேசாம வார?" என்றாள் நூர்நிஷா.

"பயமா இருக்கு."

"கடலா?"

"கடல் இல்ல லாத்தா. அவருக்கு என்னப் புடிக்காமப் போயிரும்னும் இல்ல. அது பழகிப்போச்சு. எனக்கு அவரப் புடிச்சிட்டா என்ன செய்ய? தனியா இருக்கப் பழகிட்டேன். என் டம்ளர், என் கட்டில், என் நேரம். இதுல ஒரு ஆளக் கொண்டு எங்கன வைக்க?"

 நூர்நிஷா பாயின் மேல்முனை நட்சத்திரங்களுக்கு நடுவே இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கல்யாணமாகி இருவது வருசம்" என்றாள். "மச்சான் கூட இருந்த நாளெல்லாம் சேத்து வச்சா ரெண்டு வருசம் தேறாது. மொதல்ல அவங்க அங்கன, நான் தென்காசில. இப்ப அவங்க அங்கன, நான் இங்கன. ஆனா ராத்திரி ஒம்பது மணிக்குப் போன் வரும் பாத்துக்கோ. என்ன கறின்னு கேப்பாங்க. நான் மீன்னு சொல்லுவேன். இந்தத் தீவுல வேற என்ன கெடைக்கும், தெரிஞ்சேதான் கேப்பாங்க. அந்த ஒரு கேள்வி வரல்லன்னா எனக்குத் தூக்கம் வராது. இன்னைக்கு வரல்ல. சிக்னல் இல்ல." போர்வையை எப்சிபா பக்கம் இழுத்துவிட்டாள். "இது ஒனக்கு வேணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். வேண்டாம்னாலும் நான் ஒன்கூடத்தான் இருப்பேன். வயசான பொறவு நம்ம மூணு பேரும் மேலகரத்துல ஒரு வீடெடுத்துச் சண்ட போட்டுக்கிட்டுக் கெடப்போம்."

எப்சிபா அவள் தோளில் தலையை வைத்தாள். அவள் மேல் எப்போதும் அடிக்கும் கோடாலித் தைல வாசம் அப்போதும் அடித்தது.

இரண்டு மணிக்குக் காற்று நின்றது. பாய் சுருங்கித் தொங்கியது. ஓடும்போது தாங்கிய படகு, நின்றதும் தொட்டில் மாதிரி பக்கவாட்டில் உருண்டது. காளீஸ்வரி முனகத் தொடங்கினாள். தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வந்தது. எப்சிபா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது, நாடி வேகமாக ஓடியது.

மணிக்குவை எழுப்பினாள். "திரும்பிருவோம். எஞ்சினப் போட்டுத் திரும்பிருவோம். எனக்கு எதுவும் வேண்டாம்."

அவர் எண்ணெய்க் கேனை ஆட்டிப் பார்த்தார். "முன்ன, பின்ன, ரெண்டும் தூரம் ஒண்ணு" என்றார்.

ஆமினத் மடியிலிருந்து காளீஸ்வரியின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. "எக்கா, இப்ப திரும்புனா நான் கடல்ல குதிச்சிருவேன். இவ்வளவு வாந்தியும் வீணாவா போகணும்?"

நூர்நிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எப்சிபாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. ஆமினத்துக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சேர்ந்துகொண்டாள். நடுக்கடலில், காற்றில்லாமல், ஒரு படகு முழுக்கச் சிரித்தது. பிறகு எப்சிபா தன் பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை உப்போடு கலக்கி, ஒரு கரண்டி, ஐந்து நிமிஷம், மறுபடி ஒரு கரண்டி என்று காளீஸ்வரியின் வாயில் விட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றில் ஒன்றாவது உள்ளே தங்கியது.

கிழக்கு வெளுக்கும்போது கழுத்தில் ஈரக்காற்று பட்டது. மணிக்கு எழுந்து நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய் ஒரு தடவை படபடத்தது, பிறகு புடைத்தது. ஆறு மணிக்குச் சேர வேண்டியவர்கள், பத்து மணிக்கு எஞ்சினைப் போட்டுப் பாறைகளுக்கு நடுவே மெதுவாக நுழைந்தார்கள்.

படகுத்துறையில் ஜோஷ்வா இல்லை.

எப்சிபா அந்தக் காலித் துறையைப் பார்த்தாள். அங்கே வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் மணிக்கு விசாரித்தார். டாக்டர் அஞ்சு மணியிலிருந்து இங்கேயேதான் நின்றார், கடலையே பார்த்துக்கொண்டு; எட்டு மணிக்கு அவசரமாக ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார் அவர். அந்தத் தீவில் நர்ஸையும் டாக்டர் என்றுதான் சொல்வார்கள்.

சேலை மாற்றவோ தலை வாரவோ நேரமில்லை. இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக் காளீஸ்வரியை நேராகச் சுகாதார நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். எப்சிபாவின் சுடிதாரில் உப்புப் படிந்து, தோளில் வாந்திக் கறை வேறு.

வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே ஒரு வயதான மீனவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளங்கையில் பெரிய தூண்டில் முள் ஏறி, மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முன்மண்டையில் முடி இல்லை. குள்ளம். சட்டை முதுகில் வேர்வை. முள்ளின் முனையைக் கொறடால் நறுக்கிவிட்டு, "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சிட்டு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டே மெல்லப் பின்னுக்கு உருவினார். கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார். முள் வந்ததும், ஜோஷ்வா கட்டுப் போடுவதற்கு முன்னால் அந்தக் கையை ஒரு நிமிஷம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா பார்த்துக்கொண்டே நின்றாள். யாரோ வந்திருப்பது தெரிந்து அவர் நிமிர்ந்தார்.

"எப்சிபா மேடம்?"

"ஆமா. இவளுக்கு ராத்திரி பூரா வாந்தி."

அவர் முகத்தில் வந்த என்னென்னவோ அப்படியே ஒதுங்கி, நர்ஸ் முன்னால் வந்தார். "எத்தன தடவ? கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனா?"

நூர்நிஷா எப்சிபாவின் விலாவில் இடித்தாள். "மாப்ள கேக்க மொதக் கேள்வியப் பாரு."

காளீஸ்வரியைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஜோஷ்வா அலமாரியைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். "ட்ரிப் செட்டு மேல் தட்டுல இருக்கு. ஸ்டூல் ஒடைஞ்சு போச்சு. கொஞ்சம் எடுத்துத் தாரீங்களா?" என்றார், கூச்சமே இல்லாமல். எப்சிபா கையை உயர்த்தி எடுத்துக் கொடுத்தாள். "அதுக்குப் பின்னால பஞ்சும் இருக்கும்" என்றார். அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மணி நேரம் ட்ரிப் ஏறியது. அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றே முக்கால் வருஷம் பேசியவர்களுக்கு நேரில் பேச்சு வரவில்லை. கண் விழித்த காளீஸ்வரி, "இதுக்காகவா என்னக் கூட்டிட்டு வந்தீங்க, ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் ஜோஷ்வா சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்தார். ரசத்தில் உப்பு கூடுதல். நூர்நிஷா அதை முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமைப் படகில் மூன்று பேரும் திரும்பினார்கள். படகுத்துறையில் நின்று அவர் எதுவும் கேட்கவில்லை.  அன்றைக்கு ராத்திரி எப்சிபா அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நான் ஒருத்தரப் பாத்துட்டு வந்தேன்."

 ஞானசிகாமணி, "கூட யாரு போனா?" என்று கேட்டார்.

"நூர்நிஷா லாத்தாவும் காளியும்."

"அப்ப சரி" என்றார் அவர். அப்புறம், "ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எப்சிபாவுக்கு நாலு மாதம் ஆனது. ஜோஷ்வா இலஞ்சிக்குப் போய், தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் ஏதோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் நடுவில் குறுக்கிட்டு, "டிசம்பர்ல லீவு. வச்சுக்கிடலாமா?" என்றாள். எதை என்று அவர் கேட்கவில்லை. கல்யாணம் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி தென்காசியில் நடந்தது. பெண் வீட்டார் வரிசையில் முதல் ஆளாக நூர்நிஷா நின்றாள். யூசுப் இரண்டு வாரம் லீவில் வந்து பந்தியில் தண்ணீர் பரிமாறினார்.

அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்ததும் எப்சிபா ஊருக்கே வந்துவிட்டாள். மேலகரத்தில் வீடு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. தன் டம்ளரை அவள் இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறாள். ஜோஷ்வா அதைத் தொடுவதில்லை.

போன ஜூலையில் ஒரு போன் வந்தது. மணிக்குவுக்குக் கண் ஆப்பரேஷன், திருவனந்தபுரத்தில், ஆமினத்தும் வந்திருக்கிறாள். சனிக்கிழமையே எப்சிபாவும் ஜோஷ்வாவும் காரை எடுத்துக்கொண்டு புளியறை வழியாக மலை ஏறிப் போனார்கள். ஆப்பரேஷன் முடிந்து டாக்டர் விட்டதும், திரும்ப வரச் சொன்ன தேதிக்கு நாலு நாள் இருந்தது. இரண்டு பேரையும் மேலகரத்துக்குக் கூட்டிவந்தார்கள். ஆமினத் வழி முழுக்கக் கார் ஜன்னலில் முகத்தை வைத்து மலையைப் பார்த்தபடி வந்தாள். உச்சியில் மேகம் கிடந்தது. அது புகையா என்று இரண்டு தடவை கேட்டாள்.

சாரல் நாள். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். மணிக்கு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, கண் நனையக் கூடாது என்று தள்ளி நின்றுகொண்டார். ஜோஷ்வா அவருக்குக் குடை பிடித்தார். எப்சிபா ஆமினத்தின் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிப் போனாள். முதல் அடி தண்ணீர் தலையில் விழுந்ததும் ஆமினத் அலறினாள். வெளியே ஓடிவந்து, நின்று, தண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு இல்ல!" என்றாள் தன் பாஷையில்.

"இல்ல."

"ராத்திரி நிறுத்திடுவாங்களா?"

"யாரு நிறுத்த? விழுந்துக்கிட்டேதான் இருக்கும்."

ஆமினத் அண்ணாந்து பார்த்தாள். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, செம்புச் செம்பாக மொண்டு வாழ்ந்த பெண். அவ்வளவு தண்ணீர் கேட்பாரில்லாமல் பாறையில் விழுந்து ஓடுவதை அவளால் நம்ப முடியவில்லை. பிறகு எப்சிபாவின் கையை விட்டுவிட்டு, கூட்டத்தைத் தன் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. மணிக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தார். உதடு நீலம் பாரித்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளியே வந்தவளுக்கு எப்சிபா துண்டைப் போர்த்தி, சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். பல் கிட்டிக்க, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டாள் ஆமினத்.

நாலரை மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது என்றாள் எப்சிபா.

மறுநாள் நாலு மணிக்கு எப்சிபா எழுந்து விளக்கைப் போட்டபோது, ஆமினத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஜோஷ்வா கொட்டாவி விட்டபடி கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.